7 பவுன் தாலிச்செயினோடு தினமும் ஸ்கூட்டியில் போகலாமா? திருவிழாக் கூட்டத்துக்கு என்ன போட்டுப் போவது?

கேட்டவர்: திருநகர்க்காரி

தாலிச்செயின் 7 பவுன், முகப்பு வைத்தது. மதுரை திருநகரிலிருந்து கோரிப்பாளையத்துக்கு தினமும் ஸ்கூட்டி. திரும்பி வரும்போது இருட்டிவிடும். மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு செயினை வீட்டில் வைக்கலாம் என்றால் அயித்தைக்கு மனசு வரவில்லை. "கொக்கியைப் பத்தவச்சுக்க, ரவிக்கையோட சேத்து ஊக்கு குத்திக்க, எவன் இழுத்தாலும் வராது" என்கிறார்கள். அது சரிதானா?

இன்னொன்று. சித்திரைத் திருவிழாவுக்கு பேரையூரிலிருந்து அம்மாவும் அப்பத்தாவும் பஸ்ஸில் வருகிறார்கள். அப்பத்தா காதில் தண்டட்டி, வளர்த்த காதில் போடுகிற பெரிய காதணி. திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது இரண்டுக்கும் போகிறோம். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? கவரிங், இன்சூரன்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பொன்வேலை

அக்கா, வண்டியில் ஊக்கு வேண்டவே வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செயின் தானாகக் கழன்று விழுவது ஒரு விஷயம், பறிபோவது வேறு விஷயம். பத்தவைப்பது, அதாவது கொக்கியைச் சூட்டில் ஒட்டிவிடுவது, முதலாவதுக்குத்தான் மருந்து. எஸ் கொக்கியும் அது மாட்டுகிற வளையமும், முகப்பின் இரண்டு ஓரத்தில் செயின் சேருகிற வளையங்களும் தங்கத்தோடு தங்கம் உரசி உள்வளைவில் தேயும். மேலாகப் பார்த்தால் கம்பி முழுசாக இருக்கும். வளையத்தைச் சாய்த்து உள்பக்கத்தைப் பார்த்தால்தான் பாதிக் கம்பி போயிருப்பது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த நாலைந்து இடத்தையும் ஆசாரியிடம் காட்டுங்கள். வளையம் மாற்றுவது சின்ன வேலை, உட்கார்ந்திருக்கும்போதே முடித்துக் கொடுப்பார்கள்.

பறிப்பு அப்படியல்ல. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவன், ஓடுகிற வண்டியின் வேகத்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறான். பிடரிப் பக்கமோ கழுத்தின் பக்கவாட்டிலோ விரல் நுழையும். அந்த நேரம் செயின் அறுந்தால் நகையோடு போயிற்று. அறாமல் தாங்கினால் இழுவை முழுக்க உங்கள் கழுத்துக்கு வரும், ஸ்கூட்டியோடு சாய்வீர்கள். ஊக்கு குத்தியிருந்தால் ரவிக்கைத் துணியும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், ஆளையே இழுத்துப் போட்டுவிடும். நின்றுகொண்டிருக்கும் பஸ் நெரிசலில் நழுவாமலிருக்க ஊக்கு சரி. வண்டியில் கூடாது. செயினை முரடாக்குவது ஆளைக் காப்பாற்றாது என்பதை அயித்தையிடம் நன்றாக எடுத்துச் சொல்லுங்கள்.

என் யோசனை: 7 பவுன் என்றால் 56 கிராம். அதைத் தினப்படிக்கு வைக்காதீர்கள். 2 பவுனில், அதாவது 16 கிராமில், 24 இஞ்ச் நீளத்தில் முகப்பில்லாத கெட்டிச் செயின் ஒன்று எடுத்து, தாலியையும் உருக்களையும் அதற்கு மாற்றுங்கள். கொக்கியைப் பத்தவைக்க வேண்டாம். ஓங்கி இழுத்தால் முதலில் கொக்கி விரிந்து கொடுக்கட்டும். பெரிய செயினைக் கொடுத்து மாற்றவும் வேண்டாம். பழையதற்குக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. புதுசுக்கு மறுபடி செய்கூலி, சேதாரம், மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி. பெரியது அப்படியே இருக்கட்டும், விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எடை கம்மி, பார்வைக்குப் பெரிசு என்று சொல்லி, உள்ளே பொள்ளலான செயினைக் காட்டுவார்கள். தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். எடை 2 பவுன், தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு 5 பவுன். எந்தக் கண்ணுக்குப் படக் கூடாது என்கிறோமோ அதே கண்ணைத்தான் அது இழுக்கும். தகடு மெல்லிசு என்பதால் நசுங்கினால் நிமிர்த்துவதும் கஷ்டம், அறுந்தால் பத்தவைப்பதும் கஷ்டம்.

---

மல்லிச்சரம்

எதற்கு இவ்வளவு யோசனை? ஒரு கிராம் கவரிங் செயின் போட்டுக்கொள்ளுங்கள். போனால் சில நூறு ரூபாய்தான்.

---

மாசிவீதி_67

மல்லிச்சரம், கூட்டத்தில் கத்தரிப்பவனுக்கு வேண்டுமானால் அது சரி. பைக்கில் வருகிறவன் உரசிப் பார்த்துவிட்டா இழுக்கிறான்? கவரிங் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்கே தெரியும். அதற்குள் இவர்கள் கீழே விழுந்திருப்பார்கள். கவரிங்குக்குள் இருப்பது செம்போ பித்தளையோ. அதே கனத்தில் 22 காரட் தங்கக் கம்பியைவிடப் பித்தளைக் கம்பி முரடு, சீக்கிரம் அறாது. கழுத்துக்கு அதுதான் அதிக ஆபத்து. போடுவதானால் மெல்லிசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கயிறு.

வண்டிக்கு வருவோம். எல்லாரும் செயினை முன்பக்கம் ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு மறைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். பின்னால் வருகிறவனுக்குத் தெரிவது பிடரி. சடையை முன்னால் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். வெயிலுக்குப் போடுகிற காலர் வைத்த கோட்டைக் கழுத்து வரை ஜிப் ஏற்றிவிடுங்கள், சாயங்காலமும் கழற்றாதீர்கள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்ற வேண்டாம். அதைப் பிடித்தும் இழுக்கலாம், சக்கரத்திலும் சிக்கும். ஹெல்மெட் வாரை மாட்டியே ஓட்டுங்கள், விழுந்தால் மண்டையாவது தப்பும். வேகத்தடை, குறுகலான பாலத்து ஏற்றம், வீட்டு வாசலில் கேட் திறக்க இறங்குகிற நேரம், இந்த மூன்றும் கவனம் வேண்டிய இடங்கள். வீட்டு வாசல்தான் எல்லாருக்கும் மறந்துபோகும். ஒரே வண்டி இரண்டு மூன்று திருப்பம் பின்னாலேயே வந்தால் வீட்டுத் தெருவுக்குள் போகாதீர்கள். விளக்கெரிகிற ஒரு கடை முன்னால் நிறுத்திவிடுங்கள்.

நடக்கும்போது சாலையின் வலது ஓரம். நம் பக்கத்து வண்டிகள் எதிரே வரும், கண்ணுக்குத் தெரியும். இடது ஓரத்தில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்க்க வழியில்லை.

பேரையூர் பஸ்ஸுக்கு: நகையைக் கழற்றிப் பையில் போட்டு, பையை மேலே தட்டிலோ காலுக்கடியிலோ வைப்பது கழுத்தில் போடுவதைவிட மோசம். நகைக்கென்று தனிப் பை வேண்டாம். துணிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் உள்பாவாடையோடு சேர்த்துச் செருகிக்கொள்வது அப்பத்தா காலத்துப் பழக்கம், இன்றைக்கும் அதற்கு மிஞ்சினது இல்லை. "உங்க சேலையில அழுக்குப் பட்டிருக்கு", "கீழே ரூவா கிடக்கு பாருங்க", "குழந்தையைக் கொஞ்சம் பிடிங்க" என்று யார் சொன்னாலும் முதலில் கை இடுப்புக்குப் போக வேண்டும். ஏறும்போது படியில் முன்னும் பின்னும் நெருக்கினால் இறங்கி அடுத்த பஸ் பாருங்கள். ரயிலில் வந்தால், வண்டி மெதுவாகும் இடங்களில் ஜன்னலோரம் இருப்பவர் ஷட்டரை இறக்கிவிட வேண்டும்.

வயசானவர்களிடம் இரண்டைச் சொல்லி வையுங்கள். "நாங்க போலீஸ், முன்னாடி தெருவுல கொலை நடந்திருக்கு, நகையைக் கழற்றிப் பேப்பரில் மடிச்சு வச்சுக்கங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி. மடித்துக் கொடுக்கிற பொட்டலத்தில் கல்தான் இருக்கும். வாசலில் வந்து நகைக்கு பாலிஷ் போடுகிறேன் என்பவன் முக்குகிற திராவகம் தங்கத்தைக் கரைக்கும். நகை பளபளவென்று திரும்பி வரும், எடை குறைந்திருக்கும்.

திருவிழா பற்றி. திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் புதுத் தாலிக்கயிறு மாற்றுவது நம்மூர் வழக்கம்தானே. அதனால் அன்றைக்குக் கயிற்றோடு போவதற்கு அயித்தைகூட ஆட்சேபம் சொல்ல முடியாது. புதுக்கயிற்றைக் கட்டிய பிறகு பழையதைக் கழற்றி உடனே சுருக்குப்பைக்குள். கூட்டத்துக்கு நடுவில் தங்கத் தாலியை ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோக்காதீர்கள், அதை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள். அழகர் இறங்குகிற ஆழ்வார்புரம் கரையில் கவனிக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. குதிரை வாகனம் கண்ணில் பட்டதும் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவோம். அந்த நேரம் கழுத்தும் இடுப்பும் காவலில்லாமல் இருக்கும். அன்றைக்குக் கழுத்தில் கயிறும், காதில் சின்னத் தோடும் போதும். ஜிமிக்கி, மாட்டல் வேண்டாம். அழகர் நகையைப் பார்த்தா அருள் தரப்போகிறார்?

---

கோர்ட்டுவாசல்

பறிபோய்விட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

உடனே 100 அல்லது 112. தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலியை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள். வண்டி எண் முழுக்கத் தெரியாவிட்டால் கடைசி நாலு எண், வண்டி நிறம், பின்னால் இருந்தவன் சட்டை, எந்தப் பக்கம் திரும்பினார்கள், இவ்வளவு போதும். கழுத்தில் மிஞ்சிய துண்டு இருந்தால் பத்திரம். அதை உருக்கவோ பத்தவைக்கவோ கூடாது. மீதி கிடைத்தால் அறுந்த முனையும் பின்னலும் பொருந்துவது சாட்சி. பக்கத்துக் கடை, வீட்டு கேமராக்காரர்களிடம் அன்றைக்கே போய்ப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும்.

எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டியதில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. எஃப்ஐஆர் நகல் இலவசம். சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், அது புகார் வாங்கியதற்கான ரசீதுதான். பதிவு செய்ய மறுத்தால், மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கும் மாவட்ட எல்லை என்றால் எஸ்பிக்கும் எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு 304-ஆவது பிரிவில் தனிக் குற்றம், 3 ஆண்டு வரை சிறை, அபராதம். ஆனால் நகையைப் பறிப்பதற்காக வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் அது 309-ஆவது பிரிவின் கொள்ளை, 10 ஆண்டு வரை கடுங்காவல் அல்லது ஆயுள் தண்டனை. அதனால் கழுத்தில் கீறல், முழங்காலில் சிராய்ப்பு என்றாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், காயம் எப்படி ஏற்பட்டது என்பதையும் சொல்லி. புகாரிலும் காயம் வர வேண்டும். வீட்டுக்கு வந்து மஞ்சள் பத்துப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். ரசீதும் போட்டோவும் இருந்தால் வேலை சுலபம். புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கேட்கும்போது கொண்டுவர வேண்டும், அதுவரை விற்கவோ அழிக்கவோ கூடாது.

---

லாக்கர்சாவி

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்கிற வீட்டுப் பாலிசியை வைத்துக்கொண்டு நகைக்கும் காப்பு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அதன் அடிப்படைக் காப்பில் திருட்டு வருவது தீ, வெள்ளம் போன்ற விபத்து நடந்து 7 நாளுக்குள் நடந்தால்தான். நகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள். தெருவில் பறிபோவதற்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகைக்கடையில் இலவசமாகத் தரும் ஒரு வருடக் காப்புக்கும் இதே கேள்வி. "எங்கேயோ விழுந்துவிட்டது" என்று எழுதினால் பெரும்பாலும் பணம் வராது. எஃப்ஐஆர் நகலும், பின்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தருகிற சான்றும் கேட்பார்கள்.

பெரிய செயினை லாக்கரில் வைக்கும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 7 பவுனுக்கே அது காணாது. அப்படியும் வீட்டு பீரோவைவிட லாக்கர்தான் மேல்.

நகை ஒவ்வொன்றையும் ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய ஹால்மார்க் அடையாள எண், பொறித்திருக்கும், செயினில் பெரும்பாலும் கொக்கி ஓரத்தில். அதை லென்ஸ் வைத்துப் படமெடுத்து, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்த்து, ரசீதோடு வையுங்கள். உருக்கிவிட்டால் அந்த எண்ணும் போய்விடும் என்பதால் போட்டோதான் கடைசி வரை நிற்கும்.

---

திருநகர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. அயித்தை படித்துவிட்டு 2 பவுன் செயினுக்குச் சரி என்றுவிட்டார்கள். அப்பத்தா தண்டட்டிதான் பாக்கி. கழற்றினால் காது வெறுமையாகத் தொங்கும் என்று அழுகிறது.

---

பொன்வேலை

தண்டட்டி மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பார்க்கிற கனத்தில் தங்கம் கொஞ்சம்தான், ஆனால் அது இழுப்பவனுக்குத் தெரியாது. வளர்த்த காதுமடல் நூல் மாதிரி மெலிந்திருக்கும். இழுத்தால் காது கிழியும், அந்த வயதில் தைத்தாலும் பழைய ஓட்டை நிற்காது. அதனால் பஸ்ஸுக்கும் ஆற்றங்கரைக்கும் கண்டிப்பாக வேண்டாம்.

பேரையூரிலேயே கழற்றச் சொல்லுங்கள். ரொம்ப நாள் கழற்றாதது என்றால் திருகு இறுகியிருக்கும். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கையால் திருகுங்கள். குறடு போட்டால் தகடு நசுங்கும். தீயிலும் வெந்நீரிலும் காட்டவே கூடாது, அரக்கு இளகிவிடும். கழற்றியதும் இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். காது வெறுமைக்கு, முந்தானையைத் தலையோடு போர்த்திவிட்டால் போதும், வெயிலுக்கும் ஆகும். மதுரை வீட்டுக்குள் வந்த பிறகு மாட்டிக்கொள்ளட்டும், யார் தடுத்தது?