தாத்தா வீட்டு குரூப்ல ஃபிஷ் டேங்க் பேச்சு

கார்த்தி: கொளத்தூர்ல 4 அடி டேங்க் சொல்லிட்டேன். ஸ்டாண்டுக்குள்ள சம்ப், அதாவது டேங்க்ல வழியுற தண்ணி இறங்குற கீழ் தொட்டி, அங்கேருந்து மோட்டார் திரும்ப மேல ஏத்தும். செந்தில் மாமா, டிராயிங் பாருங்க 📷

விஜயா: ஹால்ல வைக்கப் போறானாம் அண்ணா. கரண்ட் போனா தண்ணி மொத்தமும் கீழ வந்துடாதா? கீழ் வீட்ல இப்பதான் சீலிங் பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

கார்த்தி: ரிட்டர்ன் லைன்ல, அதான் மோட்டார்லேருந்து மேல போற பைப்ல, தண்ணி திரும்பி வராம தடுக்குற செக் வால்வ் இருக்கும்மா

செந்தில்: அத நம்பாத. துளி மணல் மாட்டினாலும் சரியா மூடாது. வால்வே இல்லன்னு வெச்சு கணக்கு போடு

செந்தில்: மோட்டார் நின்னதும் அதே ரிட்டர்ன் பைப் வழியா தண்ணி இறங்க ஆரம்பிக்கும். டியூப் போட்டு வண்டியில பெட்ரோல் எடுக்குறோமே, அப்படி. பைப் வாய்க்குள்ள காத்து போனாதான் நிக்கும். வாய் எவ்ளோ ஆழத்துல இருக்கு?

கார்த்தி: 6 இன்ச்

செந்தில்: போச்சு போ

செந்தில்: டேங்க் 48 x 18. ஒரு இன்ச் தண்ணியே 14 லிட்டர். 6 இன்ச்னா 85. சம்ப் சைஸ்?

கார்த்தி: 30 x 15, உயரம் 15. ஓடும்போது 9 இன்ச் தண்ணி நிக்கும்னாங்க

செந்தில்: மிச்ச 6 இன்ச்ல 44 லிட்டர்தான் பிடிக்கும். பாக்கி 40 லிட்டர் ஹாலுக்கு

பத்மா: 😳 இன்னும் டேங்கே வரல, அதுக்குள்ள மாப் வாங்கணும் போல

செந்தில்: வாயை 1 இன்ச் ஆழத்துக்கு ஏத்திடு. பைப்ல நிக்கிறது, ஓவர்ஃப்ளோ சீப்புல (டேங்க் தண்ணி கீழ இறங்குற பல்லு வெச்ச விளிம்பு) வழியுறது எல்லாம் சேத்து 25 லிட்டர்னு வை. சம்ப்ல மூணரை இன்ச் ஏறும், தாங்கும்

கார்த்தி: பைப்ல சின்ன ஓட்டை போட்டா காத்து இழுக்கும்னு யூடியூப்ல பாத்தேன் மாமா

செந்தில்: போடு, தண்ணி மட்டத்துக்கு ஒட்டி கீழ. பாசி அடைக்கும், டேங்க் கழுவும்போதெல்லாம் குச்சி விட்டு குத்து

விஜயா: கரண்ட் இருக்கும்போது வழியாதுல்ல?

செந்தில்: வழியும் விஜி. இலையோ நத்தையோ இறங்குற பைப்ப அடைச்சா மோட்டார் பாட்டுக்கு மேல தள்ளிட்டே இருக்கும். அதான் சம்ப்ல மோட்டார் நிக்கிற அறை சின்னதா இருக்கணும், 12 லிட்டர் போதும். டேங்க் விளிம்புல ஒன்றரை இன்ச் காலி விட்டா அவ்வளவும் மேல வந்தாலும் வழியாது

செந்தில்: இன்னொரு டிரெயினும் வைக்கச் சொல்லு, வாய் கொஞ்சம் உயரமா. சாதாரணமா அதுல சொட்டு கூட போகக் கூடாது. தண்ணி சத்தம் கேட்டா முதல் பைப் அடைக்குதுன்னு அர்த்தம்

கார்த்தி: ஆவியாகுற தண்ணிக்கு ஃப்ளோட் வால்வ் வெச்சு மாடி டேங்க் லைன்ல கொடுத்துடவா?

செந்தில்: ஐயோ வேணாம். ஃப்ளோட் மாட்டிக்கிச்சுன்னா மாடி டேங்கே காலி. 10 லிட்டர் கேன்லேருந்து கொடு, போனா அதோட போகும்

செந்தில்: மீன் விடுறதுக்கு முன்னாடி மோட்டார நிறுத்திட்டு தண்ணி இறங்கி முடியட்டும். அப்புறம் சம்ப்ல விளிம்புக்கு ஒரு இன்ச் கீழ வரைக்கும் ஊத்து. மோட்டார் போட்டு, மட்டம் நின்ன இடத்துல மார்க்கர்ல கோடு. அதுக்கு மேல எப்பவும் ஊத்தாத

கார்த்தி: சரி மாமா. பைப் உயரத்த மாத்தச் சொல்லி கடைக்கு இப்பவே போன் போடுறேன்

பத்மா: பிளக் பாயிண்ட் சம்ப்புக்கு நேர் மேல வேணாம்னும் சொல்லு