சிங்காநல்லூர் வீடு: குடும்பக் குழு

கயல்விழி: அனைவருக்கும் வணக்கம். அப்புச்சி, அம்மிச்சி, அம்மா மூவருக்கும் விசா கிடைத்துவிட்டது. டிசம்பரில் என் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு மான்செஸ்டரில் அவர்களுக்கு முழுதாக இரண்டு நாள்கள் இருக்கும். எங்கெங்கே அழைத்துச் செல்லலாம் என்று இன்றே சொன்னால் முன்பதிவு தேவைப்படும் இடங்களுக்குப் பதிவு செய்துவிடுவேன்.

விஜயா: மிக்க மகிழ்ச்சி, கயல்.

கார்த்திக்: ஓல்டு டிராஃபோர்டு!

செல்வராஜ்: குளிரை அப்பா தாங்குவாரா?

கயல்விழி: குளிரைவிட மழையும் இருட்டும்தான் சிக்கல், சின்ன மாமா. டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். திறந்தவெளியில் பார்க்க வேண்டியவற்றை முற்பகலில் முடித்துவிட்டு, பிற்பகலில் கட்டடங்களுக்குள் இருப்பதே நல்லது.

சுந்தரராஜன்: கயல், இதை ஏதோ இரண்டு நாள் ஊர் சுற்றுவதாக மட்டும் எண்ணிவிடாதே. நம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எத்தனையோ மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மான்செஸ்டரைப் பார்க்கும் வாய்ப்பு நம் வீட்டில் முதன்முதலாக, வாழ்நாளெல்லாம் ஸ்பின்னிங் பிரிவில் ஃபிட்டராக உழைத்த அப்பாவுக்கே வந்திருக்கிறது. ஆகவே முதல் நாள் காலையில் லிவர்பூல் சாலையில் உள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்கே அவரை அழைத்துச் செல்ல வேண்டும். 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டபோது மான்செஸ்டர் முனையமாக இருந்த நிலையம் அந்த வளாகத்துக்குள்தான் இன்றும் நிற்கிறது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பருத்திப் பொதிகளை நூற்பாலைகளுக்கு விரைவாகக் கொண்டுவர வேண்டும் என்ற தேவையும் அந்தப் பாதை பிறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். உலகில் இன்று எஞ்சியிருக்கும் பயணியர் ரயில் முனையங்களில் அதுவே மிகப் பழையது.

விஜயா: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

கயல்விழி: கட்டணம் இல்லை, அத்தை. நூற்பு இயந்திரங்களும் அங்கே இருக்கின்றன. இயக்கிக் காட்டும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன்.

கார்த்திக்: உலகில் முதன்முதலாக, நினைவகத்தில் சேமித்த நிரலை இயக்கிய கணினி 1948-இல் மான்செஸ்டரில்தான் செய்யப்பட்டது. அதைப் போலவே செய்த மாதிரி அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கயல் அக்கா, எனக்காக அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

செல்வராஜ்: பிளாட் கம்பெனி இயந்திரம் ஏதாவது அங்கே இருக்குமா?

சுந்தரராஜன்: நல்ல கேள்வி கேட்டாய், செல்வா. மான்செஸ்டரை ஒட்டியிருக்கும் ஓல்டாம் நகரத்தில்தான் பிளாட் பிரதர்ஸ் தொழிற்சாலை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்பு இயந்திரம் செய்வதில் உலகிலேயே மிகப் பெரிய நிறுவனமாக அது வளர்ந்திருந்தது. இந்தியப் பஞ்சாலைகளுக்கும் ஏராளமான இயந்திரங்களை அனுப்பியது. மில் சங்கு ஊதும் நேரத்தில் நாம் இருவரும் சோற்றுத் தூக்குடன் வாசலில் நிற்போமே, அப்போது அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஓல்டாம்காரன் வார்த்த இரும்பு இன்னும் நூறு வருஷம் நிற்கும்" என்று சொல்வார்.

செல்வராஜ்: தூக்கு எடுத்துச் சென்றவன் நான். அண்ணன் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தீர்கள்.

மல்லிகா: தம்பி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். கயல், அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. படி ஏற வேண்டிய இடங்களை இப்போதே நீக்கிவிடு.

கயல்விழி: சரி, அம்மா. நகர மையத்தில் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறது. மற்ற இடங்களுக்கு டிராமில் செல்லலாம். நிறுத்தங்களின் நடைமேடை டிராமின் தளத்துக்குச் சமமாக இருப்பதால் ஏறி இறங்கச் சிரமமில்லை. அருங்காட்சியகத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் டீன்ஸ்கேட்டில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் இருக்கிறது. அங்கே லிஃப்ட்டும் உண்டு. நான் படிக்கச் செல்லும் இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மிச்சிக்குக் கட்டாயம் பிடிக்கும்.

விஜயா: நூலகத்தில் அத்தைக்கு என்ன பிடிக்கப்போகிறது?

கயல்விழி: ஜான் ரைலண்ட்ஸ் பருத்தித் துணி வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். அவர் மறைந்த பிறகு, அவர் நினைவாக அந்த நூலகத்தை எழுப்பியவர் அவருடைய மனைவி என்ரிகேட்டா. உள்ளே நுழைந்தால் கோயில் மண்டபத்தில் நிற்பது போலவே இருக்கும், அத்தை. 1900 ஜனவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். யோவான் நற்செய்தியின் மிகப் பழைய துண்டுகளில் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் பாப்பிரஸ் ஏடு, அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது.

சுந்தரராஜன்: அக்காலத்தில் மான்செஸ்டரின் ஆலைப் புகைபோக்கிகள் கக்கிய கரி ஏடுகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும் ஏற்பாட்டை அப்போதே அந்தக் கட்டடத்தில் செய்திருக்கிறார்கள். எரிவாயு விளக்கு ஏடுகளுக்கு ஆகாது என்று மின்விளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அம்மையாரின் தொலைநோக்கு வணங்கத்தக்கது.

விஜயா: மனைவி கணவனுக்காக நூலகமே கட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு புத்தக அலமாரிக்குக் கதவு போட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று பொங்கல் கடந்துவிட்டது.

மல்லிகா: அண்ணி 😄

சுந்தரராஜன்: தை மாதம் ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன், விஜயா. கயல், அதே நாளில் நகரப் பேராலயத்தின் அருகில் உள்ள செத்தம்ஸ் நூலகத்தையும் சேர்த்துக்கொள். 1653-இல் நிறுவப்பட்டது அது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே மிகப் பழைய இலவசப் பொது நூலகம் என்று பெயர் பெற்றது. 1845-ஆம் ஆண்டுக் கோடையில் மார்க்ஸும் எங்கெல்சும் அங்கே ஒரு சாளரத்தோர மேசையில் அமர்ந்து சேர்ந்து படித்தார்கள். எங்கெல்சின் தந்தைக்கு அங்கே நூற்பாலையில் பங்கு இருந்ததால்தான் அவர் மான்செஸ்டருக்கு வந்தார். ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த சந்துகளை நேரில் கண்டுதான் எழுதினார். இத்தனை ஆண்டுகள் தொழிற்சங்கத்தில் இருந்த அப்பா அந்த மேசையில் ஒருமுறை கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

செல்வராஜ்: சங்கத்தைப் பற்றி அண்ணன் பெருமையாக எழுதுகிறீர்கள். அந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. நான் பத்தாம் வகுப்போடு லேத் பட்டறைக்குப் போனேன். அந்த மேசையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

சுந்தரராஜன்: நீ சொல்வது முற்றிலும் சரி, செல்வா. அந்தச் சங்கிலியில் என் கல்லூரிக் கட்டணமும் இருந்தது என்பதை நான் மறந்ததே இல்லை.

மல்லிகா: இருவரும் நேரில் பேசிக்கொள்ளுங்கள். கயல், பருப்புப் பொடியும் கறிவேப்பிலையும் கொண்டுவரலாமா?

கயல்விழி: பொடி போதும், அம்மா. கறிவேப்பிலை வேண்டாம், இலை தழைகளை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கே ரஷோம் பகுதிக் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கிறது.

விஜயா: அப்படியென்றால் நெய்?

கயல்விழி: பால் பொருள்களும் கூடாது, அத்தை. பெரிய மாமா, பேராலயத்துக்கு வெளியே 2019-இல் நிறுவிய காந்தியின் வெண்கலச் சிலை இருக்கிறது. அம்மிச்சி அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார்.

சுந்தரராஜன்: அவசியம் பார்க்கட்டும். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி, அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்திருந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை அவர்கள் ஊருக்கே சென்று சந்தித்தார். ஆத்திரப்பட வேண்டிய மக்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அதைப் போலவே லிங்கன் சிலையும் அந்த நகரில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வரத்து நின்று லங்காஷயரே பட்டினியில் கிடந்த நாளில், அடிமைகள் பறித்த பருத்தி எங்களுக்கு வேண்டாம் என்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31 அன்று கூட்டம் கூடி லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள்; அவரும் அடுத்த மாதமே மறுமொழி எழுதினார். அந்தப் பஞ்சக் காலத்தில்தான் இந்தியப் பருத்திக்கு அங்கே தேவை பெருகியது. நம் பருத்தியின் இழை குட்டை என்பதால் நூல் அடிக்கடி அறுந்து, அங்கே நூற்றவர்கள் பட்ட பாட்டை அப்பாவிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

கார்த்திக்: பெரியப்பா, நீங்கள் சொன்ன இடங்களே ஒரு வாரத்துக்கு வரும். என் ஓல்டு டிராஃபோர்டை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

விஜயா: கால்பந்து மைதானத்தில் மாமாவுக்கு என்ன வேலை, கார்த்திக்?

கார்த்திக்: நான் சொல்வது கிரிக்கெட் மைதானத்தை, பெரியம்மா. இரண்டும் அருகருகே இருப்பவை, பெயரும் ஒன்றுதான். 1956-இல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்ததும், 1990-இல் சச்சின் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததும் அங்கேதான். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதும் அங்கேதான். அன்று இரவு அப்பாரு சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிசம்பரில் ஆட்டம் இருக்காது என்பது தெரியும். வெளியிலிருந்தாவது அவர் பார்க்கட்டும்.

கயல்விழி: டிராம் நிறுத்தம் மைதானத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, கார்த்திக். உள்ளே அனுமதிப்பார்களா என்று கேட்கிறேன்.

சுந்தரராஜன்: இரண்டாம் நாளை ஸ்டைல் என்ற ஊரில் உள்ள குவாரி பேங்க் ஆலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாமுவேல் கிரெக் 1784-இல் ஆற்று நீரின் விசையால் இயங்கும்படி அமைத்த நூற்பாலை அது. விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. ஆலையில் வேலை செய்த அநாதைக் குழந்தைகளைத் தங்க வைத்திருந்த வீடும் அப்படியே இருக்கிறது. கிரெக்கின் குடும்பத்துக்குக் கரீபியனில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்தது. நகரத்தின் மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவற்றைக் கட்டிய பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

மல்லிகா: அண்ணா, அங்கே படி எத்தனை?

கயல்விழி: பள்ளத்தாக்கில் இருப்பதால் சரிவு உண்டு, அம்மா. குளிர்காலத்தில் எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

செல்வராஜ்: வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு என்னுடையது.

சுந்தரராஜன்: பாதி நான் தருகிறேன்.

செல்வராஜ்: வேண்டாம், அண்ணா. டிக்கெட்டை நீங்கள் போட்டீர்கள்.

அப்புச்சி: எல்லாவற்றையும் படித்தேன். எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி கார்த்திக் போனில் மாற்றிக் கொடுத்தான். நம் மில்லில் இருந்தவை ரிங் பிரேம்கள். முறுக்குவதும் சுற்றுவதும் அதில் நிற்காமல் நடக்கும். மியூல் என்பது வண்டி போல முன்னே வந்து நூலை இழுத்து முறுக்கி, பின்னே போகும்போது சுற்றிக்கொள்ளும் என்று பழைய மேஸ்திரி சொல்வார். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. அது ஓடும் இடம் எதுவோ அங்கே போகலாம். கியர் பக்கத்து மூடியைத் திறந்து காட்டுவார்களா என்று கேள், கயல்.

கயல்விழி: நாளையே கேட்கிறேன், அப்புச்சி.

அப்புச்சி: உன் அம்மிச்சி சிலைக்கு மாலை போடலாமா என்கிறாள். கார்த்திக் சொன்ன மைதானமும் இருக்கட்டும்.

சுந்தரராஜன்: அப்படியானால் முதல் நாள் அருங்காட்சியகம், ரைலண்ட்ஸ், செத்தம்ஸ், காந்தி சிலை என்று முடிவு செய்யலாம்.

மல்லிகா: ஒரே நாளில் நான்கா? அம்மாவால் முடியாது, அண்ணா. செத்தம்ஸ் வேண்டுமா என்று யோசியுங்கள்.

செல்வராஜ்: செத்தம்ஸ் இருக்கட்டும். ரைலண்ட்ஸை வேண்டுமானால் அடுத்த நாளைக்கு மாற்றுங்கள்.

கயல்விழி: அடுத்த நாள் குவாரி பேங்கா, கிரிக்கெட் மைதானமா என்பதே இன்னும் முடிவாகவில்லை, சின்ன மாமா. அருங்காட்சியகத்தையும் காந்தி சிலையையும் முதல் நாளுக்கு உறுதி செய்துவிடுகிறேன். மியூல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகு மீதியைப் பேசலாம்.

விஜயா: கயல், அத்தைக்குக் கம்பளிக் காலுறை எந்த அளவில் வாங்க வேண்டும்? நாளை ஒப்பணக்கார வீதிக்குப் போகிறேன்.