எட்டாம் வகுப்புக்கு ‘தி கிவர்’ நாவல்: எந்தச் செயல்பாடுகள் பிள்ளைகளை நாவலுக்குள் அழைத்துச் செல்கின்றன?

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை, கோவை

வணக்கம். பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். வரும் பருவத்தில் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ நாவலை வகுப்பில் முழுமையாகப் படிக்க இருக்கிறோம். 1993இல் வெளிவந்து, மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற நாவல் இது. கடந்தகால நினைவுகளே இல்லாமல் வாழும் ஒரு சமூகத்தில், அந்த நினைவுகளை எல்லாம் சுமக்கும் ஒரு முதியவரிடமிருந்து அவற்றைப் பெறத் தேர்ந்தெடுக்கப்படும் ஜோனஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை. 23 சிறிய அத்தியாயங்கள்தான். மொழியும் எளியது என்பதால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தடங்கல் இன்றிப் படித்துவிடுவார்கள். அதனாலேயே, வேகமாகப் படித்து முடித்து, “இது ஒரு கொடுங்கோல் சமூகம், ஜோனஸ் தப்பித்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

இந்த நாவலுக்கென்று இணையத்தில் செயல்பாடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கனவு நகரத்துக்கு வரைபடம் வரைவது, சீட்டுக் குலுக்கித் தொழில் ஒதுக்குவது, ஒரு நாள் முழுக்கக் கடுமையான விதிகளின்படி வகுப்பை நடத்துவது என்று பட்டியல் நீள்கிறது. பிள்ளைகள் இவற்றை உற்சாகமாகச் செய்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செய்து முடித்தபின் நாவலின் எந்தப் பக்கத்தை அவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பலவற்றுக்கு என்னிடம் விடை இல்லை.

வகுப்பில் 36 பேர். பாடவேளை 40 நிமிடம். சிலர் முதல் வாரத்திலேயே முழு நூலையும் முடித்துவிட்டு மற்றவர்களிடம் கதையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களை எப்படிக் கையாள்வது, ஒரு குழந்தை கொல்லப்படும் பத்தொன்பதாம் அத்தியாயத்தை எப்படி நடத்துவது என்னும் இரண்டும் என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. இந்நூலை நடத்திய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், சிங்கப்பூர்

வணக்கம் அம்மா. செயல்பாடு எதுவானாலும், முடிந்ததும் மாணவர் நூலைத் திறந்து ஒரு பத்தியை மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படிக்க வேண்டியதில்லை என்றால் அதை விட்டுவிடலாம். கனவு நகர வரைபடம் அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு பாடவேளைகளையும் வண்ண பென்சில்களையும் செலவழித்த பிறகு, ஜோனஸின் ஊரைப் பற்றிப் புதிதாகப் பேச எதுவும் கையில் இருக்காது.

நாள் முழுக்கக் கடுமையான விதிகளோடு வகுப்பை நடத்துவதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். 1967 ஏப்ரலில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உள்ள கபர்லி உயர்நிலைப் பள்ளியில், ரான் ஜோன்ஸ் என்னும் வரலாற்று ஆசிரியர் நாஜி ஜெர்மனியை விளக்குவதற்காக ‘மூன்றாம் அலை’ என்ற பெயரில் இப்படி ஒரு முயற்சியைத் தொடங்கினார். நிமிர்ந்து உட்காருவது, ஒரு தனி வணக்கமுறை, உறுப்பினர் அட்டை என்று தொடங்கிய விளையாட்டு, தோழர்களைப் பற்றிப் பிள்ளைகளே புகார் கொடுக்கும் அளவுக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அவரே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகளும் சீருடை, மணியோசை, வரிசை எனப் பழகியவர்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கீழ்ப்படியச் சொன்னால் எளிதாகக் கீழ்ப்படிவார்கள். அதனால் நாவலைப் பற்றி எதுவும் தெளிவாகப் போவதில்லை.

இந்த நாவலின் பலமே, தொடக்கத்தில் அந்தச் சமூகம் நமக்குப் பிடித்துப்போவதுதான். அங்கே பசி இல்லை, சண்டை இல்லை. மாலை உணவுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் அன்றைய உணர்வுகளைச் சொல்கிறார்கள், மற்றவர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வீட்டில் இது கிடைக்கிறது? ஆகவே தீர்ப்பை அவசரப்படுத்தாமல், முதல் ஆறு அத்தியாயங்கள் முடிந்ததும் ‘விதிப் பதிவேடு’ ஒன்று எழுதச் சொல்லுங்கள். அதுவரை வந்த விதிகளை மாணவர்களே தேடித் தொகுக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வயதுவரை பொத்தான் முதுகுப்பக்கம் உள்ள மேலாடை, அதை மாட்ட ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பதற்காக. ஏழு வயதில் முன்பக்கப் பொத்தான். எட்டு வயதில் பொம்மையை ஒப்படைத்துவிட்டு, சட்டைப்பை வைத்த மேலாடையோடு தன்னார்வப் பணி. ஒன்பது வயதில் மிதிவண்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, “இதை நான் ஏற்பேன்” அல்லது “ஏற்கமாட்டேன்” என்று எழுதி, காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எழுதியதை உறையிலிட்டு ஒட்டிப் பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாவல் முடிந்த பிறகு திருப்பிக் கொடுங்கள். முதுகுப்பக்கப் பொத்தானை “அழகான யோசனை” என்று எழுதிய பிள்ளை அந்த வரியை மீண்டும் படிக்கும்போது வகுப்பில் எழும் விவாதத்தை நீங்கள் தூண்டிவிடவே வேண்டியிருக்காது. அன்றும் அந்த யோசனையை நல்லதென்றே வாதிடுபவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களையும் பேச விடுங்கள்.

இன்னொன்று ஆப்பிள். மூன்றாம் அத்தியாயத்தில் ஜோனஸும் அவன் நண்பன் ஆஷரும் ஓர் ஆப்பிளை எறிந்து பிடித்து விளையாடுகிறார்கள். அது காற்றில் போகும்போது ஏதோ மாறுகிறது. வடிவமும் அளவும் மாறவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தும் ஜோனஸுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, “என்ன மாறியது?” என்று கேளுங்கள். வரும் ஊகங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, சரி, தவறு எதுவும் சொல்லாமல் மேலே செல்லுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் கூட்டத்தின் முகங்களில் அதே மாற்றம் நிகழ்கிறது; பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தோழி ஃபியோனாவின் தலைமுடியில் நிகழ்கிறது. அப்போதுதான் ஜோனஸ் பார்த்தது சிவப்பு நிறம் என்று முதியவர் விளக்குகிறார். அதுவரை தாங்கள் கற்பனை செய்துவைத்திருந்த ஊர் முழுவதும் நிறமற்றது என்று வகுப்புக்கு அந்த நொடியில்தான் தெரியவரும். உடனே முதல் பதினொரு அத்தியாயங்களுக்குத் திரும்பி, ஆசிரியர் எங்கேனும் ஒரு நிறத்தையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று குழுவாகத் தேடச் சொல்லுங்கள். ஒரு முழுப் பாடவேளை இதற்கே தகும். கதைசொல்லல் என்னும் கலையைப் பற்றி அந்தத் தேடல் கற்பிப்பதை என் விளக்கவுரையால் கற்பிக்க முடியாது.

தொழில் ஒதுக்கும் சடங்கை நடத்த விரும்பினால் சீட்டுக் குலுக்கலை விட்டுவிடுங்கள். நாவலில் மூத்தோர் குழு பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்துத்தான் தொழிலை ஒதுக்குகிறது. குலுக்கல் அந்தக் கருத்தையே அழித்துவிடும். ஒவ்வொருவரைப் பற்றியும் நீங்கள் உண்மையாகவே கவனித்த ஒரு நல்ல குணத்தை எழுதி, அதற்குப் பொருந்தும் தொழிலோடு உறையில் கொடுங்கள். நம்மை நன்கறிந்து அன்போடு எடுக்கப்பட்ட முடிவை மறுப்பது ஏன் இத்தனை கடினம் என்பதைப் பிள்ளைகள் அப்போது உணர்வார்கள். பிள்ளை பெறுவதையே தொழிலாக ஒதுக்கும் பகுதியை இந்தச் சடங்கில் சேர்க்காமல், உரையாடலில் மட்டும் நிதானமாகப் பேசுவது நல்லது.

மறுமொழி: பள்ளி நூலகர், சென்னை

முன்னதாக முடித்துவிடும் மாணவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ‘விடுவிப்பு’ என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் உயிரைப் பறிப்பதையே குறிக்கும் ‘ரிலீஸ்’ என்னும் சொல் நாவலில் வரும் இடங்களை எல்லாம் அத்தியாய எண்ணோடு தொகுக்கும் வேலை அவர்களுக்கே உரியதாகட்டும். முதல் அத்தியாயத்தில் வழிதவறிய விமானிக்கு அது தண்டனை. விளையாட்டில் தடுமாறிய ஆஷரைப் பார்த்து ஜோனஸ் அதையே கேலியாகச் சொல்கிறான். நான்காம் அத்தியாயத்தில் ராபர்ட்டோ என்னும் முதியவருக்கு அது வாழ்த்துரையும் மகிழ்ச்சியும் நிறைந்த விழா. பிறகு, ஜோனஸுக்கு முன் அதே பணிக்குத் தேர்வான ரோஸ்மேரி. அதன் பிறகு, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஜோனஸின் தந்தை ஊசியிட்டுக் கொல்லும் இரட்டைக் குழந்தைகளில் ஒன்று. முழுக்கதையும் தெரிந்த ஒருவர் இவற்றை மறுபடி படிக்கும்போது, ஒவ்வொரு இடத்திலும் பேசுபவருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். இந்த வேலை இரண்டாம் வாசிப்புக்கு மட்டுமே உரியது என்பதால், முன்னால் போனவர்கள் தங்களுக்கென்று ஒரு ரகசியம் இருப்பதாக உணர்ந்து பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு முன், பருவத் தொடக்கத்திலேயே பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். நாவலில் ஒரு பச்சிளம் குழந்தையின் மரணம் நேரடியாக விவரிக்கப்படுகிறது, ஐந்தாம் அத்தியாயத்தில் பருவ வயது விருப்பம் மென்மையாகக் குறிப்பிடப்படுகிறது, முன்னர் ரிலீஸ் செய்யப்பட்ட ஒரு பெண் அதைத் தானே கேட்டுப் பெற்றாள் என்பது பின்னர் தெரியவருகிறது என்று மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். 1990களில் அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களில் இதுவும் ஒன்று. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெற்றோர் நம்மோடு சேர்ந்து யோசிப்பார்கள். வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளை இருந்தால் அவர்களே நமக்குத் தெரிவிப்பார்கள்.

அந்த அத்தியாயத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்க வேண்டாம். வார நடுவில், காலை வேளையில், நீங்களே சத்தமாகப் படியுங்கள். நடித்துக்காட்டுவதும் படம் வரைவதும் வேண்டாம். ஜோனஸின் தந்தை அந்தக் குழந்தையிடம் பேசும் கொஞ்சல் குரலை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வீட்டில் அவர் பராமரிக்கும் கேப்ரியல் என்னும் குழந்தையைக் கொஞ்சும்போது கேட்ட அதே குரல் அது. ஊசி இறங்கும்போதும் அது மாறுவதில்லை. படித்து முடித்ததும் பத்து நிமிடம் பேச்சின்றி, விரும்பியதை எழுத விட்டுவிடுங்கள். விவாதம் மறுநாள் நடக்கட்டும். “ஜோனஸின் தந்தை கொடியவரா?” என்ற ஒரே கேள்வி போதும். 36 பேரில் 12 பேர் உள்வட்டத்தில் அமர்ந்து பேசட்டும். மற்றவர்கள் வெளிவட்டத்தில் இருந்து, யார் நூலிலிருந்து சான்று காட்டினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வட்டம் மாறட்டும். பொதுவாகப் பேசத் தயங்கும் பிள்ளைகள், கையில் குறிப்பு இருந்தால் உள்வட்டத்துக்கு வரும்போது தெளிவாகப் பேசுவதைப் பார்க்கலாம்.

கேட்டவரின் தொடர் கேள்வி

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. விதிப் பதிவேட்டையும் ஆப்பிளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் கடிதத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முடிவை எப்படி நடத்துவது? ஜோனஸ் பிழைத்தானா, இறந்தானா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பருவ இறுதி மதிப்பீட்டுக்குச் சுவரொட்டியோ ஸ்லைடோ வேண்டாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன எழுதச் சொல்லலாம்?

மறுமொழி: பணி நிறைவு பெற்ற ஆங்கில ஆசிரியர், திருச்சி

முடிவைப் பொறுத்தவரை வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பிரித்த பிறகு, பிழைத்தான் என்று நம்புகிறவர்களை இறந்தான் என்பதற்கும், இறந்தான் என்கிறவர்களைப் பிழைத்தான் என்பதற்கும் சான்று தேடச் சொல்லுங்கள். முதல் நினைவாகப் பெற்ற பனிச்சறுக்கு வண்டி மலையுச்சியில் அவனுக்காகக் காத்திருப்பது, கீழே தெரியும் விளக்குகள், முன்னால் கேட்கும் இசை, பின்னால் அவன் விட்டுவந்த இடத்திலிருந்தும் கேட்பதாகத் தோன்றும் இசை ஆகியவை எல்லாமே இருபுறமும் வாதிட இடம் தருகின்றன. தாம் நம்பாத பக்கத்துக்காகப் பக்கங்களைப் புரட்டும் மாணவர்தான் கடைசி அத்தியாயத்தை வரிவரியாகப் படிப்பார். இந்த வரிசையில் 2000, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று நாவல்கள் வந்துள்ளன. விடை அவற்றில் இருக்கிறது என்பதை வாதம் முடியும்வரை சொல்ல வேண்டாம். 2014இல் வந்த திரைப்படத்தையும் அதன் பிறகே காட்டுங்கள். படம் நிறமற்றுத் தொடங்குகிறது. முதல் காட்சியைப் பார்த்த உடனேயே ஆப்பிள் பற்றிய ஊகங்கள் எல்லாம் வீணாகிவிடும். படத்தில் ஜோனஸின் வயதைக் கூட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பதின்பருவ இளைஞனாக மாறியதில் கதை எதை இழந்தது, எதைப் பெற்றது என்பது ஒரு நல்ல கட்டுரைத் தலைப்பு.

மதிப்பீட்டுக்கு, நாவலில் இல்லாத இருபத்து நான்காம் அத்தியாயத்தை எழுதச் சொல்லுங்கள். ஜோனஸ் எல்லையைக் கடந்ததும் நினைவுகள் எல்லாம் ஊருக்குத் திரும்பும் என்று முதியவர் சொல்கிறார். திரும்பியதை ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை. அந்த நாளை ஊருக்குள்ளிருந்து ஒருவர் கண்வழியே எழுத வேண்டும். முதியோர் இல்லத்தில் பணியாற்றும் ஃபியோனாவாகவோ, விளையாட்டுத் துறைக்கு ஒதுக்கப்பட்ட ஆஷராகவோ, தங்கை லில்லியாகவோ, ஜோனஸின் தந்தையாகவோ இருக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த மனிதர் அறிந்திருக்க வாய்ப்பில்லாத எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. சிவப்பைப் பார்க்கும் ஃபியோனாவுக்கு அதன் பெயர் தெரியாது. பனியை உணரும் லில்லிக்கு அது பனி என்று தெரியாது. அவள் கட்டிப்பிடித்துத் தூங்கிய யானைப் பொம்மை உண்மையான ஒரு விலங்கின் உருவம் என்பதும் அவளுக்குத் தெரியாது. போர்க்களத்தின் நினைவு வந்து விழும் தந்தைக்கு, வலி என்றால் முட்டி சிராய்ப்புக்கு மேல் எதுவும் பழக்கமில்லை.

இந்த நிபந்தனைக்கு உட்பட்டு எழுத வேண்டுமானால் மாணவர் நாவலை மீண்டும் புரட்டி, அந்த மனிதர் இதுவரை என்ன பேசினார், எதைக் கண்டார், எந்த விதியை மீறாமல் வாழ்ந்தார் என்று குறிப்பெடுத்தே ஆகவேண்டும். அந்தக் குறிப்புகளையும் கதையோடு சேர்த்தே வாங்குங்கள். மதிப்பெண்ணில் பாதியை அவற்றுக்கே ஒதுக்கலாம். இணையத்திலிருந்து எடுத்து எழுதுவதும் இதனால் பெரிதும் குறையும். 600 சொற்களுக்கு மேல் எழுத அனுமதிக்க வேண்டாம். நீளம் கூடினால் பிள்ளைகள் புரட்சி, தீப்பற்றல், துரத்தல் என்று போய்விடுகிறார்கள். அளவு குறுகினால் ஒரே அறையில், ஒரே நினைவில் நின்று எழுதுகிறார்கள். முதல் வரைவைப் பக்கத்தில் இருப்பவர் படித்து, அந்தப் பாத்திரம் அறிந்திருக்க முடியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் தரட்டும். அதற்கு ஒரு பாடவேளையும், திருத்தி எழுத மறு பாடவேளையும் ஒதுக்கினால் போதுமானது.