மண்டபம் முகாமில் கடல்நீர்த் தொட்டி: எவற்றை வைக்கலாம்?

கேள்வி:
வணக்கம். ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தவிருக்கும் கோடைக்காலக் கடலறிவியல் முகாமில், கண்ணாடித் தொட்டியில் கரையோர உயிரினங்களைக் காட்ட விரும்புகிறோம். எவற்றை வைக்கலாம், நீரை எப்படிப் பேணுவது?

மறுமொழி 1:
முதலில் சட்டத்தைப் பாருங்கள். கடல் அட்டை, கடல்குதிரை, பவளம் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்படுபவை. கரையொதுங்கிய பவளத் துண்டைக்கூட மாணவர்கள் எடுத்துவரக் கூடாது. எதைச் சேகரிப்பதாக இருந்தாலும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், முகாமுக்கு முதல்நாள் தொட்டியை நிரப்பி மீன்களை விடுவது அவற்றைச் சாகடிப்பதற்குச் சமம். இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்குக் குளோரின் நீங்கிய நன்னீரையே ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே கடல்நீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

மறுமொழி 3:
குறுகிய கால முகாமுக்குத் தொட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் காட்சியகம் உள்ளது. அனுமதி பெற்று அங்கே அழைத்துச் செல்லுங்கள். முகாமில் மிதவையுயிரி வலையில் (நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் நுண்கண் வலை) வடித்த கடல்நீரையும் ஒரு நுண்ணோக்கியையும் வையுங்கள். ஒரே துளியில் கோப்பிபாடுகள் எனும் நுண்ணிய ஓட்டுடலிகள் உணர்கொம்புகளை விரித்துத் துள்ளுவதைப் பிள்ளைகள் நேரில் காண்பார்கள். பார்த்து முடித்ததும் நீரைக் கடலிலேயே விட்டுவிடலாம்.