துவாரெக் இசைக்குழு தினாரிவெனின் ‘அமான் இமான்’ ஆல்பம்: முதலில் எங்கே கேட்டீர்கள்?

அல்ஜீரியா ஃபிட்டர்:
2009 ஜூலை, ஹஸ்ஸி மெசவூத் பக்கம் ஒரு கேம்ப். டிரைவர் துவாரெக்காரர், சஹாராப் பாலைவனத்து இனம், பூர்வீகம் மாலியில் கிடால். வண்டியில் எந்நேரமும் இந்த ஆல்பம்தான். எனக்கு அதில் ‘மத்தாஜெம்’ உயிர். கைதட்டலும் கிடாரும் சேர்ந்து ஆளை எழுப்பிவிடும். “அந்தக் குத்துப்பாட்டு” என்று சைகை காட்டிக் கேட்பேன். தங்களுக்குள்ளேயே ஏன் இத்தனை பகை என்று தன் ஜனத்தைக் கேட்கிற பாட்டு அது என்று அப்போது தெரியாது.

ஒரு மதியம் ‘சுவாசாந்த் த்ருவா’ தொடங்கியதும் ஏசியை நிறுத்திவிட்டார். வெளியே 46 டிகிரி. சட்டை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பாதிப் பாட்டில் நானே கையை நீட்டி ஏசியைப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேம்ப் கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “அறுபத்து மூன்று. தாத்தாவைச் சுட்டார்கள். அப்பா சின்னப் பையன், நடந்தே எல்லை தாண்டினார்.” பாட்டின் பெயரே பிரெஞ்சில் அறுபத்து மூன்று. மாலி ராணுவம் துவாரெக் கிளர்ச்சியை நசுக்கிய 1963ஐத்தான் பாட்டு சொல்கிறது. நான் ஏசியைப் போட்டேன்.

லா சப்பல்வாசி:
அண்ணை, குத்துப்பாட்டு என்றதில் பிழையில்லை. தினாரிவெனின் பாரிஸ் கச்சேரியில் துவாரெக் சனமே கைதட்டி ஆடியது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். படம் எடுக்கிறார் என்று நினைத்தேன். திரையில் மங்கலாக ஒரு வயதான அம்மா, அங்கிருந்தே தாளம் தட்டிக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் ஊருக்கும் இங்கும் கேசட்டில் குரல் பதிந்து அனுப்பிய காலம் நினைவுக்கு வந்தது. இவர்களின் பாட்டும் ஆரம்பத்தில் கேசட்டாகக் கைமாறித்தானே பரவியது.

ஹெட்போன் சாமி:
பேருந்தில் கேட்டேன், இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இருவருமே தப்பான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். முதலில் 2011இல் வந்த ‘தஸ்ஸிலி’யைக் கேளுங்கள். அல்ஜீரியப் பாலைவனத்தில் பதிந்தது, கிராமி வாங்கியது. அப்புறம் ‘எம்மார்’. மாலியில் நிலைமை கெட்டுப்போனதால் கலிஃபோர்னியாப் பாலைவனத்துக்குப் போய்ப் பதிந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2007இன் ‘அமான் இமான்’. தண்ணீரே உயிர் என்று பொருள். குழுவைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீபின் அப்பாவும் 1963இல் கொல்லப்பட்டவர்தான். அந்தப் பிள்ளை தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வைத்துக் கிடார் செய்தது. ஊரைவிட்டுப் போன இவர்கள் தலைமுறைக்கு வந்த ‘இஷுமார்’ என்ற பெயர் வேலையில்லாதவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். போன் ஸ்பீக்கர் கூடவே கூடாது. காதை மூடும் ஹெட்போன், இருட்டு அறை, வால்யூம் பாதிக்கு மேல் வேண்டாம்.

அல்ஜீரியா ஃபிட்டர்:
சாமி, எதில் கேட்பது என்று நான் கேட்கவே இல்லையே. அந்த வண்டியில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்யும். அதுவும் என் பக்கத்துக் கதவில்.