மறு: டாப்வாட்டர் லூருக்கு தமிழ்ல என்ன பேரு? "மேலோடி" சரியா வருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காபி பறிப்பு நேரம், தாண்டிக்குடில ஆள் கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு, அதனால ரெண்டு வாரமா இந்த இழைய படிச்சேனே தவிர பதில் போட முடியல, மன்னிக்கணும். எல்லாரும் மெனக்கெட்டு சொல் அனுப்பிருக்கீங்க, ரொம்ப நன்றி. அமெரிக்காவுல பாஸ் மீன் பிடிக்கிறத பத்தி தமிழ்ல ஒரு நீளமான கட்டுரை எழுதுறேன்னு சொல்லிருந்தேன்ல, அதுல டாப்வாட்டர் லூர், அதாவது தண்ணியோட மேல்மட்டத்துலயே ஓட்டி மீன மேல வந்து அடிக்க வைக்கிற செயற்கை இரை, வர்ற எடத்துல வந்து அப்படியே நிக்குது, அதுக்குத்தான் தமிழ்ல ஒரு சொல் கேட்டிருந்தேன். இப்ப ஒவ்வொண்ணா சொல்றேன்.

> மிதவை இரைன்னு வச்சா முடிஞ்சது. தண்ணில மிதக்குது, அவ்ளோதானே.

அய்யா, நானும் முதல் வரைவுல இதத்தான் போட்டிருந்தேன். ஆனா மிதவைன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு தூண்டில் நரம்புல கட்டுற தக்கைதான் ஞாபகம் வருது, அது ஒரு சிக்கல். அதவிட பெரிய சிக்கல், மிதக்குறதெல்லாம் டாப்வாட்டர் கெடையாது, டாப்வாட்டர் எல்லாமே மிதக்குறதும் கெடையாது. க்ராங்க்பெய்ட்னு ஒரு லூர் இருக்கு, மூக்குக்குக் கீழ பிளாஸ்டிக் நாக்கு நீட்டிகிட்டு இருக்கும், அதுல பல வகை சும்மா போட்டா மிதக்கும், ரீல சுத்த ஆரம்பிச்சா அந்த நாக்குல தண்ணி மோதி தல குப்புற உள்ள போயிரும். பஸ்பெய்ட் இதுக்கு நேர் எதிர். வளைஞ்ச கம்பில ஒரு பக்கம் ஈயத் தலையும் முள்ளும், இன்னொரு பக்கம் தகட்டு றெக்கை. கைய நிறுத்தினா கல்லு மாதிரி முங்கிரும், நிறுத்தாம சுத்துனாத்தான் றெக்கை சுழண்டு மேல வந்து சலசலன்னு தண்ணிய கிழிச்சுகிட்டு வரும். முங்குற சாமான் தான், ஆனா பாஸ் பிடிக்கிறவங்க இத டாப்வாட்டர்லதான் சேக்குறாங்க. அப்ப மிதக்குதா முங்குதாங்கறது பேச்சே இல்ல, வேல எங்க நடக்குதுங்கறதுதான் பேச்சு.

> மேற்பரப்பு நீர்ச் செயற்கைத் தூண்டுணவு

பொருள் சுத்தமா சரி, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா இது குளத்துக்கரைல நின்னுகிட்டு "அந்தப் பொட்டிலேர்ந்து அத எடு"ன்னு பக்கத்துல இருக்கறவர்கிட்ட கேக்குற சாமான். வாய்ல ஒரே மூச்சுல வரணும். வராத சொல் அகராதில மட்டும்தான் இருக்கும், கரையில எல்லாரும் இங்கிலீஷ்லயே கேட்டுக்குவாங்க.

நான் சொல்லப்போற சொல்லு என்னோடது இல்ல, ஒரு பெரியவர் வாய்லேர்ந்து வந்தது. டெக்சாஸ்ல இருக்குற மச்சான் போன தடவ ஊருக்கு வந்தப்ப ஒரு டப்பா நெறைய லூர் கொண்டாந்து குடுத்தார். பாஸ் நம்ம பக்கம் கெடையாது, ஆனா விரால் இருக்கே, அதுவும் மேல வந்து அடிக்கிற மீன்தானேன்னு விடியகாலம் பெரும்பாற வழியா எறங்கி அய்யம்பாளையம் பக்கம் ஒரு குளத்துக்குப் போனேன். தண்ணி மேல அல்லி இலையும் பாசியும், நடுவுல பாய் விரிச்ச மாதிரி கொஞ்சம் வெறுந்தண்ணி. முதல்ல க்ராங்க்பெய்ட்ட போட்டேன், மூணு சுத்து சுத்துனதும் பாசிய அள்ளிகிட்டு நின்னுருச்சு. பக்கத்துல தவள கட்டி விரால் பிடிச்சுகிட்டு இருந்த பெரியவர் டப்பாவ எட்டிப் பாத்துட்டு சொன்னார், "தம்பி, உள்ள போறது இங்க ஆவாது, அந்த மேல ஓடுறத எடுத்துப் போடு." அவர் காட்டுனது ரப்பர் தவள. ரெண்டு முள்ளும் மேல் பாத்து முதுகோட ஒட்டிகிட்டு இருக்கும், அதனால இலை மேல இழுத்தாலும் சிக்காது, மீன் கடிச்சு ரப்பர் அமுங்குனாத்தான் முள்ளு வெளிய வரும்.

மேல ஓடுறது. மேலோடி. முன்னோடி, நாடோடி மாதிரி நம்ம வாய்க்குப் பழகுன அமைப்புதான். மிதக்குறத பத்தி ஒண்ணும் சொல்லல, மேல ஓடுதுன்னு மட்டும் சொல்லுது, அதனால பஸ்பெய்ட்டும் உள்ள வந்துரும், க்ராங்க்பெய்ட் வெளிய போயிரும். இன்னொரு லாபமும் இருக்கு, நடுத்தண்ணில வர்றத இடையோடின்னும் தரைய தொட்டுகிட்டு வர்றத அடியோடின்னும் சொல்லிக்கலாம், குடும்பமா வருது. பூமியோட மேலோடு கூட குழம்பாதான்னு சிலர் கேக்கலாம். "மேலோட்டின் தடிமன்"ங்கறதும் "மேலோடிய எடு"ங்கறதும் வேற வேற எடத்துல வர்ற பேச்சு, குழம்பாதுன்னு நெனைக்கிறேன்.

> லூருக்கே பொதுச்சொல் வேணும். தூண்டிற்பொன் எடுத்துக்கலாமே, வள்ளுவரே சொல்லிருக்காரு.

இந்த மடல் வந்தப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. சூது அதிகாரத்து முதல் குறள், "தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று". ஆனா அங்க பொன்னுன்னா இரைக்குள்ள மறைஞ்சிருக்குற இரும்பு முள்ளுன்னுதான் பரிமேலழகர் சொல்றார், அதனால லூர் எல்லாத்துக்கும் பொதுவா வைக்க மனசு வரல. பளபளன்னு கரண்டி மாதிரி தகடா இருக்குற ஸ்பூன் லூருக்கு வைக்கலாம், அதுக்குன்னே செஞ்ச சொல் மாதிரி இருக்கு. பொதுச்சொல்லுக்கு பொய்யிரை போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வீசிப் பிடிக்கிற ராடுக்கு எறிதூண்டில்னு வைக்கலாம்னு என் தரப்புல ஒண்ணு. குறுந்தொகைல யானை வளைச்சுப் பிடிச்ச மூங்கில கைவிட்டதும் "மீன் எறி தூண்டில்" மாதிரி விருட்டுன்னு நிமிருதுன்னு ஒரு பாட்டு இருக்கு, 54வது பாட்டு, குறிஞ்சி, நம்ம மலப்பாட்டு. சோலைக்காட்டு ஓரத்துல மூங்கில் நிமிர்றத பாத்தவங்களுக்கு அந்த உவமை எவ்ளோ துல்லியம்னு தெரியும்.

இனி வகைப் பேரு. இங்கதான் எனக்கு உங்க உதவி நெறைய வேணும்.

பாப்பர்: முன்னாடி வாய் குழிவா இருக்கும், ராடு நுனிய சின்னதா வெட்டி இழுத்தா "பொளக்"னு தண்ணிய வாரி முன்னாடி துப்பும். துப்பின்னு ஒருத்தர் எழுதிருந்தீங்க, எனக்கு கொப்பளிப்பான் பிடிச்சிருக்கு, வாயும் இருக்கு தண்ணியும் இருக்கு. காத்து இல்லாத அமைதியான தண்ணிக்கு இது நல்லது. வட்ட அல அடங்குற வரைக்கும் விட்டு வச்சுட்டு அடுத்த வெட்டு வெட்டணும், மீன் பாதி நேரம் அந்த அமைதிலதான் அடிக்கும்.

ஸ்பூக், பென்சில் வகை: இத அவங்க "நாய நடத்துறது"ங்கற மாதிரி ஒரு சொல்லால சொல்றாங்க, அத அப்படியே தமிழ்ல போட வேண்டாம், நமக்கு அதுல ஒண்ணும் தெரியாது. மிச்சிகன்ல டவாஜியாக்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச ஹெட்டன் கம்பெனி 1939ல ஜாரா ஸ்பூக்க பிளாஸ்டிக்ல கொண்டு வந்தாங்க, இன்னைக்கும் விக்குது. நாக்கும் இல்ல, றெக்கையும் இல்ல, சுருட்டு மாதிரி ஒரு கட்ட. இதோட ஆட்டம் முழுக்க நம்ம கைல இருக்கு. ராடு நுனிய தண்ணி பக்கம் தாழ்த்தி, டொக் டொக்னு தாளம் தப்பாம சின்னச் சின்ன வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல நரம்பு தொய்யணும். தொய்வு குடுத்தா தல எடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சுன்னு தலைய ஆட்டிகிட்டே வரும், நரம்ப விறைப்பாவே வச்சிருந்தா குச்சி மாதிரி நேரா வந்து சேரும். எனக்கு இது கைக்கு வர ஒரு மாசம் ஆச்சு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்ம நமக்கு இருக்கும்போது வேற பேரு எதுக்கு? தலையாட்டி. இதுக்கு சட்டுனு முங்காத நரம்பு வேணும், சாதா நைலானோ, பின்னுன பிரெய்டோ, ஃப்ளோரோகார்பன்ங்கற நரம்பு முங்குற ஜாதி, மூக்க கீழ இழுத்து ஆட்டத்த கெடுத்துரும்.

வாலுல சின்ன விசிறி வச்சதுக்கு காத்தாடி. காத்து அடிச்சு தண்ணி அலையா இருந்தா கொப்பளிப்பான் சத்தம் பத்தாது, காத்தாடியும் பஸ்பெய்ட்டும்தான் எடுபடும். ரப்பர் தவள ரப்பர் தவளயாவே இருக்கட்டும், அத மாத்த நாம யாரு.

> லார்ஜ்மவுத் பாஸ் = பெருவாய்க் கெண்டை

இது மட்டும் வேண்டாங்க. கெண்டை வேற குடும்பம், பாஸ் அமெரிக்காவோட சன்ஃபிஷ் குடும்பம். பெருவாய் பாஸ்னு போடுவோம். வாய பத்தி சொல்றது மட்டும் ரொம்ப சரி, டக்குனு வாயத் தெறந்து தண்ணியோட சேத்து இரைய உள்ள உறிஞ்சிரும். இத எழுதுறதால பாஸ்ஸ இங்க கொண்டாந்து விடணும்னு யாரும் நெனச்சுரக் கூடாது. உலகத்துல ரொம்ப கெடுதல் செஞ்ச 100 அந்நிய உயிரினங்க பட்டியல்ல அது இருக்கு, கொடைக்கானல் ஏரிலயோ பேரிஜத்துலயோ அது வரவே கூடாது.

கடைசியா அடி. "மீன் அடிச்சிருச்சு"ன்னு ஏற்கனவே சொல்றோம், அதனால மேல வந்து அடிக்கிறத மேலடின்னு வைக்கலாம். மேலடி விழுந்ததும் கை தன்னால இழுக்கும், அப்படி இழுத்தா இரைய மீன் வாய்லேர்ந்து நாமளே புடுங்கிருவோம். நரம்புல கனம் தெரியுற வரைக்கும் பொறுக்கணும், பாஸுக்கும் இதான், விராலுக்கும் இதான். அன்னைக்கு ரெண்டு மேலடி எனக்கு அப்படித்தான் போச்சு, மூணாவதுக்கு பெரியவர் என் முழங்கையப் பிடிச்சுகிட்டு "இரு... இரு... இப்ப"ன்னார், முக்கா கிலோ விரால். அவர் இன்னொண்ணும் சொன்னார், சிவப்பா குஞ்சுக் கூட்டம் மேல கொதிச்சுகிட்டு இருந்தா அங்க போடாத தம்பி, கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும், கோவத்துல அடிக்கும், பிடிச்சுட்டா குஞ்சு அத்தனையும் போச்சு. இதையும் கட்டுரைல சேக்கப்போறேன்.

இன்னும் சொல் கெடைக்காதது ரெண்டு. ஒண்ணு பஸ்பெய்ட், "சலசலப்பி"ன்னு எழுதிப் பாத்தேன், நாக்கு சுத்துது. இன்னொண்ணு, மீன் மேல வந்து தண்ணிய செதறடிச்சுட்டு இரைய தொடாமலே போயிருமே, அந்த அடி. பவானிசாகர், வைகை அணை பக்கம் இருக்குறவங்க அங்க தூண்டில் போடுறவங்ககிட்ட கேட்டு எழுதுங்க, அதுக்கு கண்டிப்பா அவங்க ஒரு சொல் வச்சிருப்பாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் கட்டுரைய நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
தாண்டிக்குடிலேர்ந்து