கீழ்பவானி வாய்க்கால் கரையோரமாகவே அம்மாவைக் காரில் கூட்டிப்போக வேண்டும், வழி சொல்லுங்கள்

லஸ்கர் மகள்:

வணக்கமுங்க. என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது வாய்க்கால் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிறவராக இருந்தவர். கீழ்பவானி வாய்க்காலில் இந்த மைலிலிருந்து இந்த மைல் வரை உன் பொறுப்பு என்று சொல்லி, கரையிலேயே ஒரு வீட்டையும் கொடுத்துவிடுவார்கள். முதலில் பவானிசாகர், அப்புறம் கவுந்தப்பாடிப் பக்கம், கடைசியில் சென்னிமலைக்குப் பக்கத்தில். அப்பாவை மாற்ற மாற்ற, சட்டிபானையைக் கட்டிக்கொண்டு நாங்களும் தண்ணீர் போகிற பக்கமே போனோம்.

அப்பா தவறிப் பல வருஷமாகிறது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. போனில் பேசும்போது, "ஒருக்கா அந்த வாய்க்கா வீடெல்லாம் பாத்துப்போட்டு வந்தரலாமா கண்ணு?" என்றார். வாய்விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை என் அம்மா. அதனால் ஐப்பசியில் லீவு போட்டுவிட்டுப் புனேயிலிருந்து வருகிறேன். கோவையிலிருந்து தம்பி காரில் கிளம்புகிறோம்.

தம்பி ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். பண்ணாரி, கொடிவேரி, பாரியூர், சென்னிமலை, சிவன்மலை. எல்லாம் நல்ல இடங்கள்தான், நோம்பிக்கு நோம்பி நாங்கள் போன கோயில்கள்தான். ஆனால் மெயின் ரோட்டிலேயே போனால் வாய்க்காலை அங்கங்கே பாலத்தில் குறுக்காகத் தாண்டுவோம், அவ்வளவுதான். எனக்கு அப்படி வேண்டாம். தலைமடையிலிருந்து கடைமடை வரை, தண்ணீர் கூடவே போக வேண்டும். ஈரோடு, திருப்பூர், கரூர் என்று மூன்று மாவட்டம், ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

வீட்டுக்குப் பக்கத்தில் மதகுச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக அடிக்கணக்கு எழுதியிருக்கும். காலையில் எழுந்ததும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான்தான் பார்த்துவந்து சொல்வேன். அப்பா அதை நீள நோட்டில் எழுதிக்கொண்டு சைக்கிளை எடுப்பார். அடைமழைக் காலத்தில் ராத்திரியும் தூக்கமில்லை. டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கரையில் நடப்பார். நண்டு வளை, எலி வளை ஒன்று கண்ணில் படாமல் போனாலும் தண்ணீர் அதில் புகுந்து கரையைத் தின்றுவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வெளிச்சரிவை வெறுங்காலால் மிதித்துப் பார்ப்பார். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் போகிறது என்று அர்த்தம். இது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கேட்க வேண்டியது இதுதான். கரைத்தடத்தில் கார் போகுமா? ஐப்பசியில் தண்ணீர் இருக்குமா? பழைய லஸ்கர் வீடுகள் எங்காவது நின்றுகொண்டிருக்கின்றனவா? அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே தங்கலாம்?

கோபி நஞ்சை:

அக்கா, வணக்கமுங்க. எங்கள் தோட்டம் வாய்க்காலுக்குக் கீழேதான்.

கரை நெடுகக் கார் போகாது. சில இடத்தில் தார் போட்டிருக்கிறார்கள், சில இடத்தில் வெறும் மண் தடம்தான். மழை பெய்த மறுநாள் மண் தடத்தில் இறக்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். ஊர் ரோட்டிலேயே போங்கள். பாலம் வருகிற இடத்தில் நிறுத்தி, தடம் காய்ந்திருந்தால் கரையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத கரைகள் உண்டு, அதனால் முன்கூட்டியே யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது.

அணை நிறைந்த வருஷம் என்றால் ஐப்பசிதான் சரியான மாசம். உங்களுக்குத் தெரியாததில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 2,07,000 ஏக்கர். அதில் பாதிக்கு ஆகஸ்ட் 15-இல் திறந்து டிசம்பர் வரை நெல்லுக்கு விடுவார்கள். மறு பாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கடலை எள்ளுக்கு, விட்டு விட்டு. அடுத்த வருஷம் மாறிக்கொள்ளும். ஒற்றைப்படை மதகா, இரட்டைப்படை மதகா என்பதை வைத்துத்தான் இங்கே கல்யாணத் தேதியே வைப்பார்கள்.

பவானிசாகரில் பூங்கா வரைக்கும்தான். அணைக்கு மேலே ஆடி 18 அன்றைக்குத்தான் சனங்களை விடுவது வழக்கம். பொழுது சாய்ந்த பிறகு பண்ணாரி ரோட்டில் சுற்ற வேண்டாம், யானைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம். தங்குவதற்குச் சத்தி அல்லது கோபி. லாட்ஜில் கீழ்த்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள், அம்மாவுக்குப் படி ஏறுகிற வேலை இருக்காது.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. சில நீளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கரையில் நின்ற பெரிய மரங்கள் பல இடத்தில் இல்லை. இந்த மண் வாய்க்காலின் கசிவில்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஊறுகின்றன. அதனால்தான் கான்கிரீட் வேண்டாம் என்று அத்தனை போராட்டம் நடந்தது.

முத்தூர்க் கடைமடை:

கோபிக்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை. கசிவு உங்களுக்குக் கிணறு, எங்களுக்கு வராத தண்ணீர். தலைமடையில் திறந்து வாரக்கணக்கில் காத்திருந்து, வந்தது முழங்கால் அளவு என்றால் கடைசி மதகுக்காரன் என்ன செய்வான்? கரை உடைந்தால் முதலில் காய்வது எங்கள் பயிர். இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, நீங்களும் ஒருதரம் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

அம்மணி, நீங்கள் கடைமடை வரை வருகிறேன் என்றது ரொம்பச் சந்தோஷம். வாய்க்காலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அணையோடு திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் வாய்க்காலுக்கு மேற்புறம் கொறங்காட்டையும் பாருங்கள். முள்ளுக்கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்தது அந்தப் புல்லில்தான். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் மேய்ச்சல் காடு. அப்பா வேலை பார்த்த வாய்க்கால் என்ன மாற்றியது என்பது அங்கே நின்றால் தெரியும்.

சென்னிமலை தறி:

மலைக்கு 1320 படி என்று பயப்பட வேண்டாங்க. தார் ரோடு இருக்கிறது, வண்டி மேலேயே போகும். ரோட்டு வேலை நடந்தால் மட்டும் அடைத்திருப்பார்கள், அடிவாரத்தில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

1984 பிப்ரவரியில் மாட்டு வண்டி படியேறியதே, அப்போது நீங்கள் இங்கே இருந்தீர்களா? எங்கள் அப்பாறு (தாத்தா) அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் போனவர்.

அப்புறம், லஸ்கர் வீடு. சும்மா கிடந்து ஓடு சரிந்தவைதான் நிறைய. உங்களுக்கு மைல் கணக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

ஈரோட்டு வண்டிக்காரன்:

பெரியவர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுகிறவன் நான். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதுங்க. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்கவிடுங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வழி சொல்கிறவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் நாம் எல்லாவற்றையும் தாண்டிப் போன பிறகுதான் சொல்வார்.

லஸ்கர் மகள்:

எல்லாருக்கும் நன்றிங்க. போய்வந்துவிட்டோம். எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

பவானிசாகரில் தண்ணீர் நிறைய இருந்தது. அணை மேலே போகவில்லை. பூங்காப் பக்கமிருந்து மண் அணையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வற்றிய ஒரு வருஷம் உள்ளே முங்கிக்கிடக்கும் டணாயக்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரிந்ததும், அப்பா எங்களைப் பரிசலில் கூட்டிப்போனதும் எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மா சொன்னதும் பரிசலின் தார் வாசனை வரை வந்துவிட்டது. வெளியே கடையில் வறுத்த மீன் வாங்கினோம். எங்கள் பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். வாசலில் நின்று கேட்டதற்கு உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணிடம் அம்மா, "மழை பேஞ்சா அந்த மூலைல ஒழுகுமே, இப்பவும் ஒழுகுதா?" என்று கேட்டார். ஒழுகுகிறதாம்.

கொடிவேரியில் கூட்டம், இறங்கவில்லை. பாரியூரில் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கவுந்தப்பாடிப் பக்கம்தான் எனக்கு மனசு நிறைந்த இடம். லஸ்கர் வீட்டுக்குக் கூரை இல்லை. சுவருக்குள் வேப்ப மரம் ஒன்று வளர்ந்து நிற்கிறது. ஆனால் மதகுச் சுவர் அப்படியே இருக்கிறது. அளவுக்கோடு பெயிண்ட் உதிர்ந்து, கடைசி மூன்று அடி மட்டும் படிக்க முடிகிறது. தண்ணீர் சுவரை ஒட்டிச் சுழித்துக்கொண்டு போனது. தம்பி நான் கேட்காமலே கரையில் இறங்கி, வெளிச்சரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். அப்பா நடந்தபோது அவனுக்கு ஐந்தாறு வயசுதான் இருக்கும், அவன் எப்போது அதைக் கவனித்தான் என்று எனக்குத் தெரியாது. பட்டியலைப் பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

அங்கேயே பக்கத்தில் ஒரு கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அகலமான கொப்பரையில் சாறு கொதிக்கிறது, அடியில் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளித் தள்ளி எரிக்கிறார்கள், ஒருவர் அழுக்கு நுரையை வழித்துக்கொண்டே இருக்கிறார். பதம் வந்ததும் மரத் தொட்டியில் சாய்த்து, ஆறவிட்டு, கட்டையால் தேய்க்கத் தேய்க்கப் பாகு கண்ணெதிரே பொடியாகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நாட்டுச்சர்க்கரை இந்த ஊருடையதுதான். முந்தியெல்லாம் அப்பா ஆலை வழியாக வந்தால் வாழையிலையில் சூடான பாகு கொடுத்தனுப்புவார்கள். இப்போதும் கேட்காமலே கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு விரல் தொட்டு நக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னிமலைத் தம்பி மைல் கணக்கைக் கேட்டு முன்கூட்டியே போய்ப் பார்த்து, வீடு இல்லை, அஸ்திவாரம் மட்டும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அது பெரிய உதவி. அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அதனால் அங்கே வீட்டைத் தேடவில்லை, நேரே மலைக்குப் போனோம். வண்டி மேலே போனது. மாட்டு வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாங்க, அந்த மாட்டு வண்டி ஏறிய அன்றைக்கு நாங்களும் கூட்டத்தில் இருந்தோம். மாடு சறுக்கிவிடக் கூடாதே என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கான்கிரீட் போட்ட நீளத்தையும் பார்த்தோம். மரம் இல்லாத கரை எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அங்கே அம்மா கேட்டது, "இனி நண்டு வளைக்கு ராத்திரி நடக்க வேண்டியதில்லையா?" என்பதுதான். இரண்டு பக்கத்து வாதத்தையும் இங்கே படித்தேன். கோபித் தம்பி சொல்வதும் நியாயம், முத்தூர்ப் பெரியவர் சொல்வதும் நியாயம். அவரவர் கிணற்றையும் அவரவர் மதகையும் பார்த்தவர்கள்தான் இதைப் பேசித் தீர்க்க முடியும்.

முத்தூரில் பெரியவர் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதமும் ஊத்துக்குளி வெண்ணெயும் போட்டார்கள். பேச்சில்தான் தெரிந்தது, தண்ணீர் வரவில்லை என்று அப்பாவிடம் சண்டைக்கு வந்தவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். "மதகைப் பூட்டிப்போட்டு நின்னாரம்மா உங்கப்பன், எங்கண்ணனும் விடலை" என்றார். அம்மா சிரித்தார். கொறங்காட்டு வேலியோரம் நின்று பார்த்தோம். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கோபி நஞ்சை:

அக்கா, படிக்கப் படிக்க நேரில் வந்த மாதிரி இருந்தது. முத்தூர்ப் பெரியவர் வீட்டுக்கு நானும் வருகிற தை மாசம் போகிறேன். அந்த ஆலைக்கு வழி சொல்லுங்கள். சர்க்கரையைச் சில்லறைக்குக் கொடுப்பார்களா?

லஸ்கர் மகள்:

கொடுப்பார்கள் தம்பி. கவுந்தப்பாடியைத் தாண்டி வாய்க்கால் பாலம் வந்ததும் இடதுபக்கக் கரையைப் பிடியுங்கள். காய்ந்த சக்கை குவியலாகத் தெரியும். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். டப்பா கொண்டுபோங்கள். சூடாகப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும்.